முகமூடியும் பசியும்: இத்தாலிய நகை நாடகத்தை நம் மாணாக்கர்க்குக் கற்பித்தல்

நகைச்சுவையை எளிய பொருளெனக் கொள்வார் பலர். பாடசாலை விழாக்களிலே சோக நாடகத்துக்கு வாரக்கணக்கில் ஒத்திகை நடைபெறும். இடையே வரும் நகைக் காட்சியோ அன்றைய பொழுதின் துணிச்சலுக்கே விடப்படும். ஆயின், தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டினுள் நகையையே முதற்கண் வைத்தார். அது பிறக்கும் களங்களுள் ஒன்றாக எள்ளலைக் கூறினார். உரைகாரராகிய பேராசிரியரோ, நாம் பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறர் நம்மை எள்ளிய பொழுது நாமே நகுதல் மற்றொன்று என அதனை இரண்டாகப் பகுத்துக் காட்டினார். இவ்விரு நகைக்கும் இடையேயுள்ள தூரத்தை மாணாக்கர் தம் உடலாலேயே அறிந்துகொள்ள வேண்டும். அதற்கு இத்தாலிய நாட்டு முகமூடி நாடகம் சிறந்ததொரு கருவியாகும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

‘கொமெடியா டெல் ஆர்ட்டே’ என வழங்கும் இந்நாடகம் பதினாறாம் நூற்றாண்டிலே இத்தாலியில் தழைத்தது. தொழில்முறை நடிகரின் நாடகம் என்பது அப்பெயரின் கருத்து. 1545ஆம் ஆண்டிலே பதுவா நகரில் நடிகர் சிலர் நொத்தாரிசு முன்னிலையில் ஒப்பந்தம் எழுதிக் குழுவாக இணைந்தனர். இத்தகைய குழுக்கள் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் அது தலையாயது. அவர்கள் உரையாடல் முழுவதையும் எழுதி வைத்து மனனஞ் செய்தாரல்லர். கதையின் வரவு, செலவு, திருப்பம் என்பவற்றை மட்டும் குறித்த சுருக்கம் ஒன்றே அவர்க்குப் போதியதாயிருந்தது. 1611இல் பிளமீனியோ ஸ்காலா என்பார் அவ்வாறான ஐம்பது கதைச் சுருக்கங்களை அச்சேற்றினார். பேச்சும் விளையாட்டும் மேடையிலேயே பிறந்தன. எனினும், அது எண்ணியவாறு பேசும் கூத்தன்று. ஒரு நடிகர் பெரும்பாலும் தம் வாழ்நாள் முழுவதும் ஒரே பாத்திரத்தையே தாங்கினார். ‘லாற்சி’ எனப்படும் நகைத் துணுக்குகளைப் பன்முறை பயின்று கைவசம் வைத்திருந்தார். பயிற்சி மிகுதியே அவர்க்குச் சுதந்திரத்தை அளித்தது.

பாத்திரங்களும் வரையறுக்கப்பட்டவையே. பந்தலோனே வெனிஸ் நகரத்து வணிகன், முதியவன், பணப்பையைவிட்டுக் கை அகலாதவன். டொற்றோரே பொலோஞ்ஞா நகரத்துப் பண்டிதன். பருத்த வயிறும் பிழை மலிந்த இலத்தீனும் உடையவன். கப்பித்தானோ வீரம் பேசி ஓடி ஒளியும் படைத்தலைவன். அவன் பெரும்பாலும் ஸ்பானியனாகவே காட்டப்பட்டான். அக்காலத்தே நேப்பிள்சும் மிலானும் ஸ்பெயினின் ஆட்சிக்குட்பட்டிருந்தமையை நினைவுகூர்ந்தால், அச்சிரிப்பின் கூர்மை விளங்கும். காதலர் முகமூடி அணிவதில்லை. ஏனையோருட் பெரும்பாலோர் அணிவது தோலாலான அரை முகமூடி. வாய் மறையாதாகலின் பேச்சுத் தடைப்படுவதில்லை.

இவரெல்லாரினும் நம் மாணாக்கர்க்கு அணுக்கமானவன் ‘சான்னி’ என்னும் ஏவலாளன். ஆர்லெக்கீனோவும் பிரிகெல்லாவும் அவன் வழிவந்தவரே. பேர்காமோ மலைப்புறத்து ஏழை மக்கள் பிழைப்பு நாடி வெனிஸ் நகருக்கு இறங்கி வந்து, துறைமுகத்திலும் அங்காடியிலும் சுமை தூக்கினர். அவர்தம் கொச்சை மொழியும் பெரும்பசியும் நகரத்தார்க்கு நகைப்பாயின. அந்நகைப்பிலிருந்தே சான்னி பிறந்தான். உண்ண ஏதுமின்றி ஈயைப் பிடித்து இறகு களைந்து விருந்தெனச் சுவைக்கும் அவனது விளையாட்டு இன்றும் நடிக்கப்படுகின்றது.

மலைநாட்டில் வாழும் நமக்கு இவன் அந்நியனல்லன். நம்மவரின் மூதாதையர் பலர் கோப்பிக் காலத்திலே மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழி நடந்து, கண்டிச் சீமைத் தோட்டங்களை அடைந்தவர்கள். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வணிகப் பயிராக்கிய பின்னரும் அவ்வரவு தொடர்ந்தது. அவர்தம் பேச்சும் நடையும் உடையும் எத்தனை மேடைகளில் மலிவான சிரிப்புக்கு இரையாயின என்பதை இதனைப் படிப்போர் அறிவர்.

கண்டிப் பகுதிச் சிங்களக் கிராமங்களில் அறுவடைக்குப் பின் களத்துமேட்டில் ஆடப்படும் சொக்கரி நாடகத்தையும் ஈண்டு ஒப்புநோக்கலாம். இந்தியாவிலிருந்து வந்த முதிய குரு, அவன் இளம் மனைவி சொக்கரி, ஏவலாளன், உள்ளூர் வைத்தியன் என்போரே அதன் முதன்மைப் பாத்திரங்கள். மனைவி வைத்தியனோடு சென்றுவிடுகிறாள். முதிய கணவன், இளம் மனைவி, போலிப் புலமை, குறும்புக்கார ஏவலாள் என்னும் இவ்வமைப்பை ஓர் இத்தாலியன் கண்டால் தன் ஊர்க் கதையென்றே கொள்வான். அவ்வேவலாளனின் பெயர் பரயா என்பது. தமிழ்ச் சாதிப்பெயர் ஒன்று அங்கே வேலைக்காரன் பெயராகிவிட்டது. அயலானும் எளியவனும் எங்கும் முதலிற் சிரிப்புக்குள்ளாகின்றனர் என்பதற்கு இதனினும் அண்மையான சான்று வேண்டா.

இனிக் கற்பிக்கும் முறையைக் கூறுவேன். நாடகமும் அரங்கியலும் பயிலும் மாணாக்கர் பாத்திரப் பெயர்களை வினாத்தாளுக்காக மனனஞ் செய்தல் பெரும்பயன் தராது. முதற் பாடம் நடையாகும். முகமூடி அப்போது வேண்டா. முழங்கால் மடித்து, தலை முன்னே நீட்டி, முதுகிற் சுமை இருப்பதாகக் கொண்டு சான்னி நடக்கட்டும். பந்தலோனே கூனி நடப்பான். டொற்றோரே வயிற்றை முன்விட்டுச் சிற்றடி வைப்பான்.

இரண்டாம் பாடம் பசி. இல்லாத ரொட்டித் துண்டொன்றைக் கண்டெடுத்து, பிறர் அறியாமல் உண்ணுமாறு மாணாக்கனைப் பணித்தல் வேண்டும். சிரிப்பூட்ட முயல்பவன் தோற்பான். ரொட்டியை மட்டுமே எண்ணுபவனைக் கண்டு வகுப்பு முழுவதும் சிரிக்கும்.

மூன்றாவதே முகமூடி. களிமண் அச்சின்மீது கடதாசிக் கூழை ஒட்டி உலர்த்தினால் செலவு சொற்பமே. அணிந்தபின் அதனைக் கையால் தொடலாகாது. அவையோர்க்கு முதுகு காட்டலாகாது. எப்பொருளை நோக்கினும் தலை முழுவதும் திரும்ப வேண்டும். கண்ணும் புருவமும் மறைந்துவிட்டமையால் தோளும் இடையும் பேசத் தொடங்கும். கூச்சமுடைய மாணாக்கன் முகமூடிக்குள்ளே துணிவு பெறுவதை ஆசிரியர் தம் கண்ணாற் காணலாம்.

நான்காவது மொழி. இத்தாலிய நாடகத்தில் ஒவ்வொரு பாத்திரமும் தன் ஊர் வழக்கையே பேசிற்று. நம் மாணாக்கரும் தத்தம் வீட்டுத் தமிழைப் பேசட்டும். பந்தலோனேயைத் தேடி வெனிசுக்குப் போக வேண்டியதில்லை. கங்காணியும் கணக்கப்பிள்ளையும் பெரிய துரையும் பாட்டன் பாட்டியர் கதைகளில் உளர். ஆயின் இவ்விடத்தே ஆசிரியர் விழிப்பாயிருத்தல் வேண்டும். ஒருவன் லயத்துப் பேச்சைப் பேசியதும் வகுப்புச் சிரிக்கும். அங்கேயே ஆட்டத்தை நிறுத்தி, “இப்பொழுது யாரைப் பார்த்துச் சிரித்தீர்கள்? அவன் தந்திரத்தையா, அவன் தாய்மொழியையா?” என வினவ வேண்டும். பேச்சைக் கண்டு சிரித்தால் எள்ளியவர் நாம். அப்பேச்சாலேயே ஏவலாளன் எசமானை மடக்க, அதனைக் கண்டு சிரித்தால் எள்ளப்பட்டவனின் நகை அது. பேராசிரியர் பகுத்த இரண்டையும் மாணாக்கர் அக்கணத்திற் பிரித்தறிவர்.

இத்தாலியர் இப்பாதையில் நெடுந்தூரம் சென்றனர். கார்லோ கொல்டோனி 1745இல் எழுதிய ‘இரு எசமானர்க்கு ஓர் ஏவலன்’ என்னும் நாடகத்திலே, பசித்த ஏவலாளன் இரட்டைச் சோற்றை நாடி இருவரிடம் ஒரே வேளையிற் பணிபுரிகின்றான். நாடகம் முழுவதையும் அவனே நடத்துகின்றான். அதனை 1947இல் மிலான் நகரிலே ஜோர்ஜியோ ஸ்திரேலர் மீண்டும் மேடையேற்றி உலகப் புகழ் பெறச் செய்தார். இம்மரபைத் தம் காலத்து அநீதிகளை எள்ளும் படையாக்கிய தாரியோ போ 1997இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றார். சுமைதூக்கியைக் கண்டு சிரிக்கத் தொடங்கிய நாடகம், அவனோடு சேர்ந்து சிரிக்கும் நாடகமாயிற்று.

நம் பேராதனையிலும் இதற்கு இணையான முயற்சி நடந்ததுண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் கிராமத்துக் கூத்தைப் பல்கலைக்கழக மாணவர்க்குப் பயிற்றுவித்து, 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ முதலியவற்றை அரங்கேற்றினார். படியாதார் கலையெனப்பட்டது படித்தோர் பெருமையாயிற்று. மலையகத்துக் காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் அத்தகைய கவனத்துக்கு உரியன. பழைய மாணவர் தம் இளமையிற் கண்ட கூத்தர்களின் நடையையும் பேச்சையும் விளையாட்டையும் இன்றைய மாணாக்கர்க்கு வந்து காட்டுவராயின், அது கல்லூரிக்கு அவர் அளிக்கும் நற்கொடையாகும். இத்தாலிய முகமூடி நமக்கு வழிகாட்டட்டும். அதனுள் இருந்து நோக்கும் கண்கள் நம்முடையனவாக இருத்தல் வேண்டும்.