குத்தகை பாக்கி வழக்கு: ஹைகோர்ட்டில் ரிவிஷன் எப்போது பலிக்கும்?

ஒரு போகம் பொய்த்துவிட்டால் குத்தகை நெல் அளக்க முடியாமல் பாக்கி விழுவது சாகுபடிதாரர்களுக்குப் புதிதல்ல. தவணை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் குத்தகை செலுத்தாவிட்டால், சாகுபடிதாரரை வெளியேற்றக் கோரி நிலச்சொந்தக்காரர் ரெவின்யூ கோர்ட்டில் மனுச் செய்யலாம். 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இதற்கு இடம் தருகிறது. தானோ தன் குடும்பத்தாரோ வயலில் உடலுழைப்புச் செய்து பயிரிடுபவரே இச்சட்டப்படி சாகுபடிதாரர் ஆவார்.

பாக்கி இருப்பது ருசுவானால் உடனே வெளியேற வேண்டுமா? அப்படி இல்லை. இரு தரப்பாரின் நிலைமையையும் சீர்தூக்கிப் பார்த்து, பாக்கியைச் செலுத்த நியாயமான கெடு கொடுக்க ரெவின்யூ கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. கெடுவுக்குள் பணம் கட்டினால் குத்தகை செலுத்தியதாகவே கருதப்படும். தவறினால் வெளியேற்றும் உத்தரவு வரும்.

இந்த உத்தரவுக்கு அப்பீல் கிடையாது. சட்டத்தின் 6-பி பிரிவுப்படி ஹைகோர்ட்டில் ரிவிஷன் மனு, அதாவது சீராய்வு மனு, மட்டுமே போடலாம். இரண்டும் ஒன்று என்று பலர் எண்ணுகின்றனர். அப்பீலில் நெல்லையே மறுபடி அளந்து பார்ப்பார்கள். ரிவிஷனில் மரக்கால் சரியானதா, அளந்த முறை ஒழுங்கானதா என்று மட்டும் பார்ப்பார்கள். கீழ்க்கோர்ட் தனக்கில்லாத அதிகாரத்தைச் செலுத்தியதா, இருக்கும் அதிகாரத்தைச் செலுத்தத் தவறியதா, சட்டத்துக்குப் புறம்பாகவோ பெரும் முறைகேடாகவோ நடந்ததா என்ற மூன்றே கேள்விகள்தாம்.

உதாரணமாக, 2 ஏக்கர் நஞ்சை சாகுபடி செய்யும் ஒருவருக்கு இரண்டு போகக் குத்தகை பாக்கி என்று வைத்துக்கொள்வோம். அறுவடைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, வேறு வருமானம் இல்லை என்று அவர் சொல்கிறார். அதைப் பற்றி உத்தரவில் ஒரு வரிகூட இல்லாமல் 15 நாள் கெடு மட்டும் போடப்பட்டிருந்தால், நிலைமையைச் சீர்தூக்கவில்லை என்பது ரிவிஷனுக்கு நல்ல காரணம். அதற்கு மாறாக, "நெல் அளந்துவிட்டேன், ரசீதுதான் தரவில்லை" என்று அவர் சொல்லி, கீழ்க்கோர்ட் அதை நம்பவில்லை என்றால், ஹைகோர்ட் பெரும்பாலும் தலையிடாது. அது சாட்சியத்தைப் பொறுத்த விஷயம்.

ஆகவே வழக்கின் உயிர் முதல் கோர்ட்டில்தான் இருக்கிறது. அடங்கல் நகல், 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படியான குத்தகை உரிமைப் பதிவேட்டின் நகல், குத்தகை ரசீதுகள், அக்கம்பக்கத்து வயல்காரர்களின் சாட்சியம் எல்லாவற்றையும் அங்கேயே ஆஜர்படுத்த வேண்டும். சொந்தக்காரர் குத்தகையை வாங்க மறுத்தால் சண்டை போட்டுக்கொண்டு நிற்காமல், அன்றைய மார்க்கெட் விலைப்படி நெல்லின் மதிப்பைக் கோர்ட்டில் டெபாசிட் செய்துவிடலாம். ரசீது இல்லாமல் நெல் அளக்கும் பழைய வழக்கம்தான் நல்லவர்கள் பலரையும் தோற்கடித்திருக்கிறது.

குத்தகை அளவே அதிகம் என்று நினைப்பவர் 1956-ஆம் ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டப்படி தனியாக மனுச் செய்ய வேண்டும். சாதாரணமாகக் கிடைக்கும் மொத்த விளைச்சலில் 25 சதவீதம் சொந்தக்காரருக்கு, 75 சதவீதம் சாகுபடிதாரருக்கு. 40 மூட்டை விளையும் வயலுக்கு 10 மூட்டை. இந்த வழக்கில் மட்டும் இடையில் குத்தகை டிரிபியூனலுக்கு அப்பீல் உண்டு. அதன் பிறகே ஹைகோர்ட்.

ரிவிஷன் மனுவுக்குக் கெடு 90 நாள். உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு அன்றே விண்ணப்பிப்பது நல்லது. தஞ்சை, திருச்சி, மதுரை முதலிய மாவட்டத்தார் 2004 முதல் சென்னை செல்ல வேண்டியதில்லை. மதுரைக் கிளையிலேயே மனுப் போடலாம். திருவாரூர், நாகை மாவட்டத்தாருக்குச் சென்னைதான்.

மனுப் போட்டதாலேயே வெளியேற்றும் உத்தரவு நின்றுவிடாது. தடையுத்தரவு கேட்டு வக்கீல் மூலம் தனி மனுச் செய்ய வேண்டும். பாக்கியை முழுவதுமோ ஒரு பகுதியோ கட்டும்படி நிபந்தனை விதிக்கப்படலாம். அதற்குப் பணம் தயாராக இருக்கட்டும். வழக்கு நடக்கும் காலத்தில் விழும் புதிய குத்தகையையும் போகத்துக்குப் போகம் செலுத்தி வர வேண்டும். ரிவிஷன் பலித்தாலும், பல சமயம் வழக்கு மறு விசாரணைக்காக அதே ரெவின்யூ கோர்ட்டுக்குத்தான் திரும்பி வரும். அப்போது இந்த டெபாசிட் ரசீதுகளையே முதலில் கேட்பார்கள்.