அமானிதமும் கைப்பேசியும்

சகோதரர்களே! பிள்ளையின் கையில் கைப்பேசியைக் கொடுத்து, "படி" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போகிறோம். அது போதுமா?

சிங்கப்பூர்க் கல்வி அமைச்சின் மாணவர் கற்றல் தளம் 2018-லும், மலேசியாவின் டெலிமா 2020-லும் வந்தன. கான் அகாடமியில் கணிதப் பாடம் இலவசம். கணக்கு வராவிட்டால் படிப்படியாக வழியும் காட்டும். ஆனால், வழியைப் பார்ப்பது வேறு; தானே நடப்பது வேறு.

கணக்கப்பிள்ளை எழுதினாலும் பேரேட்டை நாமே பார்க்கிறோம் அல்லவா? இஷாவுக்குப் பின், பிள்ளை உறங்கிவிட்டால் சுபுஹுக்குப் பின், 15 நிமிடம் அருகில் அமருங்கள். கைப்பேசியை மூடிவைத்து, முந்திச் செய்த ஒரு கணக்கைத் தாளில் போட்டுத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். தடுமாறும் இடமே அடுத்த பாடம்.

பிள்ளைகள் அல்லாஹ் தந்த அமானிதம். அமானிதத்தைக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டுக் கணக்குக் கேளாமல் இருக்கலாமா?