திரும்ப எழுதும் கசெட்: பசறையிலிருந்து கேட்ட தங்கச்சிக்கு



மைக்ரோ ஜீனியஸ் மாதிரியான பழைய டிவி கேம் பெட்டிக்கு, எழுதி அழித்துத் திரும்ப எழுதக்கூடிய கசெட் ஒன்றை வீட்டிலேயே செய்யலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகச் செய்யலாம். ஆனால் எஸ்டி கார்ட் போடும் ஆயத்தக் கசெட்டை வாங்காமல், இரண்டே சிப் உள்ள எளிய பலகையில் தொடங்கு. கசெட்டைப் பென் டிரைவ் போல ஒரு களஞ்சியம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் 1983இல் ஜப்பானில் வந்த நின்டெண்டோ ஃபமிகொமும் அதைப் பார்த்துச் செய்த மைக்ரோ ஜீனியஸ் போன்ற நகல்களும் விளையாட்டை உள்ளே பிரதி எடுத்து வைத்துக்கொள்வதில்லை. புரொசெசருக்கென்று பெட்டிக்குள் இருப்பது 2 கிலோபைட் நினைவகம்தான். அது பார்க்கும் 64 கிலோபைட் முகவரிகளில் மேல்பாதி முழுவதும் கசெட்டினுடையது. பதினைந்து முகவரிக் கம்பிகளில் புரொசெசர் ஓர் எண்ணை வைக்கும், எட்டுத் தரவுக் கம்பிகளில் சிப் பதில் தரும். பதினைந்து கம்பி என்றால் 32,768 இடங்கள், அதாவது 32 கிலோபைட். படங்களுக்கு வேறாக 8 கிலோபைட். 1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் முழுவதும் இந்த 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. ஆயத்தக் கசெட்டில் இடையே இன்னொரு சிப் நின்று இந்தக் கேள்வி பதிலை உன் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடும்.

சிப்பில் பழையது 27சி256. முதுகில் குவார்ட்ஸ் ஜன்னல் இருக்கும். புறஊதா விளக்கின் கீழ் இருபது நிமிடமளவு வைத்துத்தான் அழிக்க வேண்டும். 28சி256 மின்சாரத்தாலேயே அழியும், அதையே எடு. இரண்டுக்கும் 28 கால்கள், கொள்ளளவும் ஒன்றுதான். ஆனாலும் ஒன்றுக்கு வரைந்த பலகையில் மற்றதை அப்படியே வைக்க முடியாது. பழையதில் ஏ14 என்ற முகவரிக் கம்பி 27ஆவது காலில் இருக்கிறது. புதியதில் அது முதலாவது காலுக்குப் போய்விட்டது, 27ஆவது கால் எழுத அனுமதி தரும் காலாகிவிட்டது. ஆகவே அந்த இரண்டு கால்களுக்கும் பலகையில் வரும் தடங்களை வெட்டி, ஏ14ஐ முதலாவது காலுக்குக் கம்பி போட்டு இழு. 27ஐ 5 வோல்ட்டோடு கட்டு. இப்படி மாற்றாவிட்டால் ஏ14 மாறும்போதெல்லாம் எழுத்துக் காலும் சேர்ந்து ஆடும். ஏன் இந்தக் கம்பியை மாற்றினாய் என்று ஒருவருக்கு விளக்க முடிந்தால், கணினி நினைவகம் என்ற பாடத்தில் உனக்குப் பாதி முடிந்தது. பழைய மலிவுக் கசெட்டிலிருந்து சிப்பைக் கழற்றலாம் என்று மட்டும் எண்ணாதே. பெரும்பாலும் அது கறுப்புப் பிசின் சொட்டுக்குள் புதைந்திருக்கும். கூடு ஒன்றுதான் தேறும்.

ஃபோனில் எமுலேட்டர் சும்மா கிடைக்கும்போது இந்த ஈயப்பற்று வேலை எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நிரலை எழுதும் காலத்தில் எமுலேட்டரில்தான் சோதிக்க வேண்டும், சிப்பில் அல்ல. ஆனால் பல எமுலேட்டர்கள் நினைவகத்தை ஒரே ஒழுங்கான மதிப்போடு தொடங்கித் தரும். உண்மைப் பெட்டியில் மின்சாரம் வந்ததும் அங்கே என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. தொடக்கத்தில் நினைவகத்தைத் துடைக்க மறந்த நிரல் ஃபோனில் ஓடும், பெட்டியில் திணறும். செலவு பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது. சிப்பில் எழுதும் கருவிதான் விலை கூடியது, அதற்குக் கொழும்பு புறக்கோட்டைவரை ஆள் அனுப்ப வேண்டியும் வரலாம். ஒரு வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது. வகுப்பில் பத்துப் பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும், கசெட் ஆளுக்கொன்று.

மற்றவர் விளையாட்டை இறக்கி அதில் எழுதாதே. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் காக்கிறது. உன்னுடையதையே எழுது. தெமோதரை வளைவில் ரயில் சுற்றி வந்து நிலையத்துக்கு அடியிலேயே போகிறதே, அது நல்ல முதல் விளையாட்டு. பின்னணி ஓர் அடுக்குத்தான் என்றாலும், ரயில் உருவத்தின் பண்பு பைட்டில் பிட்டுகளை 0 முதல் எண்ணி 5ஆவதை 1 ஆக்கினால் அது நிலையத்தின் பின்னால் மறைந்து போகும். ஒரு கிடைவரியில் எட்டு உருவங்களுக்கு மேல் தெரியாது, ஆகவே ரயில் பெட்டிகளைக் குறைத்துப் போடு.

அன்புடன்,
அண்ணன்