வானொலியிற் புகும் மூன்றாங் குரல்

தலவாக்கலையைச் சூழ்ந்த தோட்டங்களிலே, தென்மேற்குப் பருவ மழை வலுத்து மின்சாரம் அற்றுப்போகும் இரவுகளில், மண்சரிவு எச்சரிக்கையைக் கேட்க லயத்து வீடுகளுக்குத் துணையாவது மின்கல வானொலிப் பெட்டியாகும். எச்சரிக்கை ஒலிக்கவேண்டிய இடத்தில் வேறிரு நிலையங்களின் பாட்டும் பேச்சும் பின்னிக் கரகரக்குமாயின், அதனை வெறுந் தொல்லையென்று தள்ளிவிடல் இயலாது. இத்திரிபு எங்ஙனம் பிறக்கின்றது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

மலைநாட்டில் ஒலிபரப்புக் கோபுரங்கள் உச்சிகளை நாடுவன. 1982இல் தொடங்கிய ரூபவாகினியும் 2524 மீற்றர் உயர்ந்த பிதுருதலாகலையையே தேர்ந்தது. கோபுரம் கண்ணுக்குத் தெரியும் வீட்டில் அலை மிக வலிது. அதே வீட்டிற்கு மலைக்கு அப்பாலுள்ள நிலையத்தின் அலையோ மிக மெலிது. இடர் இங்கேதான் தொடங்குகின்றது.

பெட்டியின் முதல் விரியலாக்கி சிறிய அலையை உள்ளபடி பெருக்கும். அளவு மிஞ்சிய அலைகள் இரண்டு ஒருங்கே நுழைந்தால், அவற்றைத் தன்னுள்ளே கலந்து புதிய அலைகளை ஈனும். 98, 100 மெகாஹேர்ட்ஸில் இரு வலிய நிலையங்கள் உளவென்று கொள்வோம். ஒன்றன் இருமடங்கிலிருந்து மற்றையதைக் கழிக்க, 96உம் 102உம் கிடைக்கும். எந்தக் கோபுரமும் அனுப்பாத இக்கள்ள அலைகள் 102இல் உள்ள மெலிந்த நிலையத்தை மூடிவிடும். கள்ள அலை சரியான மீடிறனிலேயே அமர்ந்துவிட்டமையால், பின்னர் எத்துணை நுட்பமாகத் திருகினும் பயனில்லை.

நம்மவர் இதற்குக் கடைக்குச் சென்று பூஸ்டர் வாங்குவர். காசும் போய்த் திரிபும் பெருகும்! செய்யத்தக்கது இதற்கு நேர்மாறானது. கள்ள அலை மூன்றாம் அடுக்கிற் பிறந்தது. ஆதலின் உள்ளே வரும் வலுவைப் பத்திலொன்றாகக் குறைத்தால், விரும்பும் அலை பத்திலொன்றாகக் குறைய, கள்ள அலை ஆயிரத்திலொன்றாகிவிடும். நூறு மடங்கு ஆதாயம்! இழுப்புக் கம்பியைச் சிறிது சிறிதாக உள்ளே தள்ளுதலே எளிய வழி. இரைச்சல் தலைகாட்டும்போது நிறுத்துக. வலிய அலை மீடிறனில் வெகுதூரம் விலகியிருப்பின் மாத்திரமே வடிப்பான் உதவும்.

கம்பியைக் குறைத்தும் கலப்பு மாறாவிடின், குற்றம் பெட்டிக்கு வெளியே உளது. மலைச்சரிவில் மோதித் திரும்பும் எதிரொலி ஒரு காரணம்: 300 மீற்றர் சுற்றிவரும் அலை ஒரு செக்கனின் பத்திலட்சத்திலொரு பங்கு தாமதிக்கும். திசைநோக்கும் ஏரியலைத் திருப்பிப் பார்க்கவேண்டும்.

மற்றையது பலர் ஐயுறாதது, தகரக் கூரை. துருவேறிய பொருத்து, மின்னை ஒரு திசையில் எளிதாகவும் மறுதிசையில் அரிதாகவும் விடும். கோபுரத்திற்கு அண்மையில் அதுவே கலப்பானாகிவிடும். நீண்ட கழியாற் கூரையைத் தட்டும்போது கரகரப்பு மாறுமாயின், அந்தப் பொருத்தைத் தேடித் துருவைச் சுரண்டி இறுக்குக. இயலாவிடின் ஏரியலைக் கூரையினின்றும் எட்ட வைக்க.