இயக்க முறை புதிது. படம் ஏன் திணறுகிறது?

நம் மாவட்டத்துச் சிற்றூர்களில் பல வீட்டு அலமாரிகளில் அரசு தந்த மடிக்கணினி ஒன்று துணி சுற்றி வைக்கப்பட்டிருக்கக் காணலாம். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய திட்டத்தின் வழியே, எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து, மாணவர்களுக்கு வழங்கப்பட்டவை அவை. அக்கா வாங்கியதைத் தம்பி பயன்படுத்தலாமே என்று கேட்டால், "புது விண்டோஸ் போட்டதிலிருந்து ஓடவில்லை" என்று விடை வருகிறது. உண்மையில் அவற்றுள் சில ஓடாமல் இல்லை. படம் காட்டத்தான் திணறுகின்றன. இவ்விரண்டும் ஒன்றல்ல.

முதலில் ஒரு சிறு கணக்கு. 1366-க்கு 768 என்ற அளவுள்ள திரையில் மொத்தம் 10,49,088 புள்ளிகள். நொடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்படுவதால், ஏறத்தாழ 6 கோடியே 29 லட்சம் புள்ளிகளின் நிறம் ஒவ்வொரு நொடியும் திரைக்குச் சென்றாக வேண்டும். வீடியோ ஓடினால், சுருக்கிய படத்தை விரிப்பதும் திரையளவுக்குப் பெரிதாக்குவதும் சேர்ந்துகொள்ளும். இவ்வேலைக்கென்றே கிராஃபிக்ஸ் சிப் உண்டு. ஆனால் அதன் மொழி இயக்க முறைக்குத் தெரியாது. இடையில் நின்று மொழிபெயர்ப்பதே டிரைவர். வண்டியோட்டி என்று பொருள் கொள்வதைவிட, புதுச்சேரியில் டூப்ளேக்கு ஆனந்தரங்கப் பிள்ளை இருந்தாரே, அவரைப் போன்ற துபாஷி என்று கொள்வதே பொருந்தும்.

இயக்க முறை மாறினால் பழைய டிரைவர் ஏன் உதவாது? நம் சமஸ்தானத்தில் செல்லுபடியான அம்மன் காசு, 1948 மார்ச் 3-இல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தபின் புழக்கத்தை விட்டுப் போயிற்று. செம்பு அதே செம்புதான், ஆட்சி மாறிவிட்டது. அவ்வாறே 2007-இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது திரை டிரைவருக்கான விதிமுறைகளே மாற்றப்பட்டன. விஸ்டாவுக்கு ஏற்றது என்று ஒட்டுத்தாள் ஒட்டி விற்ற பொறிகள் பலவற்றில் அதன் புதிய கண்ணாடித் தோற்றம் வரவில்லை. அமெரிக்காவில் இதற்காக வழக்கே நடந்தது.

உரிய டிரைவர் கிடைக்காதபோது விண்டோஸ் தன்னிடமுள்ள பொது டிரைவரைப் போட்டுக்கொள்ளும். அப்போது கிராஃபிக்ஸ் சிப் பெரும்பாலும் சும்மா இருக்க, படவேலை முழுவதும் மையச் செயலியின் தலையில் விழும். விசிறி இரையும், வீடியோ தடுக்கித் தடுக்கி ஓடும், சிலவற்றில் எழுத்துகள் அகலவாக்கில் இழுபட்டுத் தெரியும். எங்கள் வீட்டு மடிக்கணினியில் விண்டோஸ் 7-ஐ எடுத்துவிட்டு 10-ஐ ஏற்றித் தந்த கடையில், இதே குறிகளைப் பார்த்துவிட்டு, "போர்டு போய்விட்டது, ஐயாயிரம் ஆகும்" என்றார்கள். அப்பாவுக்கு அது பத்து நாள் கூலி. டிவைஸ் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். டிஸ்ப்ளே என்ற தலைப்பின்கீழ் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்றிருந்தது. சிப் செய்த நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டிய இடம் அது. அந்நிறுவனத்தின் டிரைவரை இறக்கிப் பதித்தபின், நூறு விழுக்காடு உழைத்துக்கொண்டிருந்த செயலி, அதே பாட வீடியோவுக்கு முப்பதுக்கு இறங்கியது. செலவு, இணையத்துக்கு ஆனது மட்டுமே.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், பலர் லினக்ஸ் பக்கம் திரும்புகின்றனர். சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் நமக்குப் புதிதன்று. இதில் இன்டெல் சிப்புகளுக்கான டிரைவர் கெர்னலோடே வருவதால் தொல்லை குறைவு. என்விடியாவின் மூடிய டிரைவரோ கெர்னல் மாறும்போதெல்லாம் அதற்கேற்ப மீண்டும் கட்டப்பட வேண்டும். அது தவறினால் கருந்திரைதான். பொறி எழும்போது வரும் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தால் பெரும்பாலும் திரை மீளும். அமைப்புகளில் கிராஃபிக்ஸ் என்ற வரியில் 'எல்.எல்.வி.எம். பைப்' என்றிருந்தால் செயலியே படம் வரைகிறது என்று அறிக.

எல்லாவற்றுக்கும் மருந்து உண்டு என்று சொல்லமாட்டேன். இன்டெல் ஜி.எம்.ஏ. 3600 என்ற சிப்புக்கு 32 பிட் விண்டோஸ் 7-க்கு மட்டுமே டிரைவர் வந்தது. அதன் உட்கரு வேறொரு நிறுவனத்தின் வடிவமைப்பாதலால் லினக்ஸிலும் வேகம் கிட்டவில்லை. அத்தகைய பொறியில் வீடியோவை மறந்துவிட வேண்டியதுதான். ஆயினும் எழுத்துத் திரைக்குப் பொது டிரைவரே போதும். நம் சி நிரல் பயிற்சிகள் அதில் தடையின்றி ஓடும்.