நிலத்தடி நீரும் மின்தடை அளவீடும்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட கடற்கரை ஊர்களில் ஒரு கிணறு இனிக்கும். அடுத்த தெருக் கிணறு உவர்க்கும். வெள்ளாறு கடலோடு கலக்கும் பரங்கிப்பேட்டைப் பகுதியில் வாழ்வோர் இதனை நன்கறிவர். உவர் என்றும் களர் என்றும் நிலத்தைப் பிரித்துப் பெயரிட்ட மொழி நம்முடையது. எனினும் அடியில் கிடக்கும் உவரைத் தோண்டாமலே அறிய வழி உண்டா என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் பொருள்.

வழி உண்டு. நான்கு எஃகு முளைகளை நேர்கோட்டில் நிலத்தில் அறைந்து, வெளி முளைகள் இரண்டின் வழியே மின்னோட்டம் செலுத்தி, உள் முளைகளுக்கிடையே தோன்றும் மின்னழுத்த வேறுபாட்டை அளப்பர். அதிலிருந்து நிலத்தின் தன்மின்தடை கணிக்கப்படும். முளைகளை அகற்ற அகற்ற மின்னோட்டம் ஆழமாகப் பாயும்.

கடல்நீரின் தன்மின்தடை ஏறக்குறைய 0.2 ஓம் மீட்டர். நன்னீர் நிறைந்த மணலுக்கோ பல பத்து ஓம் மீட்டர். இத்துணை வேறுபாடு இருக்க ஐயத்திற்கு இடமேது எனத் தோன்றும். ஆயின் களிமண் நன்னீரில் ஊறியிருப்பினும் மின்சாரத்தை எளிதிற் கடத்தும். கருவி 5 ஓம் மீட்டர் காட்டினால், அது களியா, உவர்நீர் ஏறிய மணலா என்பதை அந்த ஓர் எண் சொல்லாது. களியை உவரெனக் கொண்டால் அதன் கீழுள்ள நன்னீரை உழவர் கைவிடுவர். உவரைக் களியெனக் கொண்டால் கடன்பட்டு இறக்கிய ஆழ்துளைக் கிணறு உப்புநீரை இறைக்கும்.

அருகிலுள்ள ஆழ்துளைக் கிணற்றின் மண்ணடுக்கோடு ஒப்பிடுதல் ஒரு தீர்வு. மற்றொன்று, நம் கருத்தில் சிறந்தது, மீண்டும் அளத்தல். களி இடம்பெயராது, உவர்நீர் பெயரும். அதே இடத்தில், அதே இடைவெளியில், ஆண்டுதோறும் அதே மாதத்தில் அளந்தால் மாறாதது களி, தாழ்ந்து வருவது உவர் என ஒருவாறு பிரித்தறியலாம். மாதம் மாறக்கூடாது, வடகிழக்குப் பருவமழைக்குப் பின் மேல்மண்ணின் ஈரமே அளவைத் திரித்துவிடும். புவிவெப்பக் களங்களிலும் இம்முறையே கையாளப்படுகின்றது. ஆங்கு வெந்நீர் இருந்த பாறைத் துளைகளில் நீராவி புகுந்தால் தன்மின்தடை உயரும்.

இம்மாவட்டத்திற்கு இது ஏன் வேண்டும்? கடலோர மணலில் நன்னீர் மட்டம் கடல்மட்டத்திற்கு மேல் 1 மீட்டர் நின்றால், கடல்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் மிதக்கும் என்பது கணக்கு. மேலே சிறிது இறைத்தாலும் கீழே உவர் பெரிதும் ஏறும். நெய்வேலியிலோ பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு கிடக்கும் நீரை இடைவிடாது இறைத்தாலன்றிச் சுரங்கத் தரை பிளந்துவிடும். அந்நீர் உறையும் அடுக்கிற்குப் புவியியலார் இட்ட பெயரே கடலூர் மணற்கல். அது கடலை நோக்கிச் சாய்ந்து செல்வது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் உப்புநீர் மேலிருந்தும் கிணறுகளில் இறங்கியது. மேலிருந்து வந்தது மழைக்குக் கரைந்து நீங்கும். பக்கவாட்டில் புகுந்தது எளிதில் நீங்காது. எது எது என்பதைத் தொடர் அளவீடே காட்ட வல்லது.

முளை அறைந்த இடத்தில் ஒரு கல் நட்டுவைத்தல் இதற்குப் போதும். ஆயின் கிணறு இனிக்கும் காலத்திலேயே முதல் அளவை எடுத்திருத்தல் வேண்டும்; உவர்த்தபின் எடுத்த அளவிற்கு ஒப்பிட முன்னளவு இராது.