பந்தியில் தெரியும் வளர்ச்சி

அன்புள்ள தம்பிக்கு,

வாலிபர் முகாமில் கண்ணீரோடு ஜெபித்தவனுக்கு ஊர் திரும்பியதும் ஜெபமே வரவில்லை, பின்வாங்கிப் போய்விட்டேனோ என்று எழுதியிருக்கிறாய். கண்ணீர் நின்றதை வைத்து அப்படி முடிவுகட்டாதே. விசுவாசம் வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டிய இடம் வேறு.

பேதுருவை எடுத்துக்கொள். பெந்தெகொஸ்தே நாளில் எழுந்து நின்று பிரசங்கித்தவர். யோப்பாவில், தோல் பதனிடுகிற சீமோனின் வீட்டு மேல்மாடியில் தரிசனம் கண்டு, செசரியாவுக்குப் போய், ரோமப் படையின் நூற்றுக்கு அதிபதி கொர்நேலியுவின் வாசற்படியை மிதித்தவர். எந்த மனுஷனும் தீட்டல்ல என்று அங்கே வாய்திறந்து சொன்னவர்.

அவர்தான் அந்தியோகியாவில் சறுக்கினார். புறஜாதி விசுவாசிகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். அவரைப் பார்த்துப் பர்னபாவும் விலகினார். பவுல் எல்லோர் முன்பாகவும் பேதுருவைக் கண்டித்தார். பேதுருவுக்கு உபதேசம் தெரியாமலா இருந்தது? வந்தவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம், தெரிந்ததைச் செய்யவிடவில்லை.

நம் சபைகளுக்கும் இது பழைய வியாதி. சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் கடிதம் எழுதியபோது, தஞ்சாவூரில் பலர் சாதியை விட மனமில்லாமல் சபையை விட்டார்கள். வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தில் சாதிவாரியாக மக்களைப் பிரித்து வைத்திருந்த சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. அதுவரை சுவருக்கு இரண்டு பக்கமும் ஜெபம் நடந்துகொண்டுதான் இருந்தது.

ஆகவே, அப்போஸ்தலர் 10ஆம் அதிகாரத்தையும் கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசி. மனம் ஒட்டாவிட்டாலும் ஜெப நேரத்தை விடாதே. அடுத்த அசனத்தில் சேக்காளிகளோடு உட்காராமல், மற்றவர்கள் ஒதுங்கிப்போகிறவரின் பக்கத்தில் போய் உட்கார். சொந்தக்காரர்கள் முகம் சுளித்தால் மரியாதையாகப் பேசு. பந்தியை விட்டு மட்டும் எழுந்திருக்காதே. உன் தப்பை முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒருவரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்.

பேதுருவின் இரண்டாம் நிருபத்தைக் கடைசி அதிகாரம் வரை வாசித்துப் பார். தன்னைக் கண்டித்த பவுலை அங்கே பிரியமான சகோதரன் என்கிறார். கிருபையில் வளரச் சொல்வது அதற்கு மூன்று வசனம் தள்ளித்தான்.

கர்த்தருக்குள்,
உன் அண்ணன்